வாழ்வாதாரக் கூட்டத்தில் ஏன் வாய் திறப்பதில்லை?

"எங்கட சனத்துக்கு அக்கறை இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராதுகள், வந்தாலும் கையெழுத்தை வைத்துவிட்டுப் போய்விடுதுகள்" என்று வறுமை ஒழிப்புத் திட்டமொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் படிக்கக் கோபம்தான் வந்தது.

உன்னிச்சைக் குளத்துக்கோ நவகிரிக் குளத்துக்கோ பயிர்ச்செய்கைக் கூட்டம் வைக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். விதைப்புத் திகதி, வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள், வட்டையை (வயல்வெளியை) விட்டு மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய கடைசி நாள் எல்லாம் அங்கேதான் முடிவாகும். முன்வரிசை முழுக்க அதிகாரிகள். பின்னால் சாரனோடு நிற்கிற ஒருவர், "ஐயா, அந்தத் திகதிக்குத் திறந்தால் எங்கட வயல் கண்டத்துக்குத் தண்ணி வந்து சேரவே ஒரு கிழமை போகும்" என்பார். மாட்டுக்காரர் மறிப்பார். சத்தம் ஏறும். சில நேரம் திகதியே மாறும்.

அதே மனிதர் வாழ்வாதார உதவிக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. கோழிக்குஞ்சா, ஆடா, தையல் மெசினா என்பது முன்கூட்டியே முடிவாகி வந்திருக்கும். எதிர்த்துக் கேட்டால் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. கூட்டமும் வேலைநாளில் காலை பத்து மணிக்கு. கூலிக்குப் போகிற பெண் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அதற்கு வரவேண்டும். அப்புறம், வசதியுள்ளவர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள் என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

இலங்கை அரசின் வறுமை நிவாரணத் திட்டங்களையே பாருங்கள்: 1989 இல் ஜனசவிய, அதற்குப் பிறகு சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. அஸ்வெசுமவுக்கு 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். வீட்டின் நிலையும் அதில் ஒன்று. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கல்வீட்டுக்குள் உலை வைக்க அரிசி இல்லாத குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தின் கடற்கரையோரத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்குத் தெரிகிற இந்த விசயம் படிவத்துக்குத் தெரியாது. பெயர்கள் வெளிவந்த பிறகு மேன்முறையீடும் ஆட்சேபனையும் செய்யலாம் என்றார்கள். தெரிவு நடக்கும்போது ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் அயலவருக்கு எதிராக அயலவர் எழுதிக்கொடுக்கும் நிலை வந்திருக்காது. அந்த மனத்தாங்கல் இன்னும் பல ஒழுங்கைகளில் ஆறவில்லை.

ஊருக்கு நிர்வாகம் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் மரண உதவிச் சங்கத்தில் சந்தா, செலவு, மிச்சம் எல்லாம் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். நூறு ரூபாய் பிசகினாலும் வயதான ஆச்சிமார் விடமாட்டார்கள்.

2025 இல் தொடங்கிய பிரஜாசக்தி என்ற அரச வறுமை ஒழிப்புத் திட்டத்தில் கிராம சேவகர் பிரிவுதோறும் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைக்கிறார்கள். சரி, நல்லது. அந்தச் சபைகளில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வையுங்கள். அறுவடைக் காலத்தில் வைக்காதீர்கள். எங்கள் பிரிவுக்கு எவ்வளவு காசு வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பயனாளிகளின் பெயர்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புமுன் கோயில் முன்றலிலோ பள்ளிவாசல் முன்றலிலோ உரத்து வாசியுங்கள். கையெழுத்தைக் கடைசியில் வாங்குங்கள்.