வேலை நேரம் முடிந்த பின்னரும் முடியாத வேலை

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அலுவலக வட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளுக்கு ஊழியர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதை வேலைக் களைப்பில் எழுதும் புலம்பலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளத்தோடும் சட்டத்தோடும் பிள்ளைகளின் படிப்போடும் நேரடியாகத் தொடர்புள்ள விடயம் என்பதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தின் திருகோணமலைக் கிளையில் வேலை செய்கிறேன். எங்கள் வேலை நேரம் காலை எட்டரை முதல் பின்னேரம் ஐந்து மணி வரை. ஆனால் இரவு எட்டு மணியளவில்தான் குழு உண்மையில் விழித்துக்கொள்கிறது. நிலுவைப் பட்டியலை உடனே அனுப்பவும், நாளைய கூட்டத்துக்கு இந்த மாத விற்பனைத் தொகை வேண்டும், இதைப் பார்த்தவர்கள் பதிலிடவும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றில் பெரும்பாலானவை பிற்பகல் மூன்று மணிக்கே, நாங்கள் கணினிக்கு முன்னால் கோப்புகளோடு இருந்தபோதே, கேட்டிருக்கக்கூடியவை. முதலில் பதில் போடுகிறவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. நீல நிறச் சரி அடையாளம் விழுந்தும் பதில் போடாதவர் மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று நிர்வாகம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காரணம் கேட்கப்படும் இடத்தில் கட்டாயம் ஏற்கெனவே வந்துவிட்டது.

கொழும்பில் இருப்பவர்களின் நிலைமையும் எனக்கு விளங்குகிறது. வாகன நெரிசலில் அகப்பட்டு ஏழு, ஏழரைக்கு வீடு போய்ச் சேருகிறவருக்கு எட்டு மணி என்பது அன்றைய நாளில் அமைதியாக இருந்து யோசிக்கக் கிடைக்கும் முதல் நேரம். திருகோணமலையின் நாள் அப்படி ஓடுவதில்லை. உவர்மலையிலோ மட்டிக்களியிலோ இருப்பவர் ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு டச்சுக்குடாக் கடற்கரைக்கோ கோணேசர் கோவிலுக்கோ போவார். எட்டு மணிக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பார். சம்பளம் கொழும்பை விடக் குறைந்தாலும் பரவாயில்லை என்று பலர் இந்த ஊரிலேயே தங்கியிருப்பது இந்தப் பின்னேரங்களுக்காகத்தான். அந்தப் பின்னேரத்தையும் தலைமையகத்தின் கடிகாரத்துக்கு ஒப்புக்கொடுப்பதென்றால், ஊரில் இருப்பதன் பயன் என்ன?

என்னோடு வேலை செய்யும் சகோதரி ஒருவர் கிண்ணியாவிலிருந்து வருகிறார். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் கிண்ணியா மக்கள் பாதை எனப்படும் படகுக்காகத் துறையில் காத்துநின்ற காலத்தை இந்த ஊரில் முப்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பாலம் வந்த பிறகு அவரைப் போன்ற பெண்கள் நகரத்தில் வேலைக்கு வந்து பொழுதுபடுமுன் வீடு திரும்ப முடிகிறது. அப்படி மீதமாகிய நேரத்தைத்தான் இப்போது கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. சமையல், வயதான மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஈரக்கையைத் துடைத்துவிட்டு எக்செல் கோப்பைத் திறக்கிறார். அதற்கான டேட்டாவும் அவருடைய காசுதான். ஆண்களான எங்கள் வீட்டுச் சுமை இதைவிட இலகுவானது என்பதை நாங்கள் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்கள், வாரத்துக்கு 45 மணித்தியாலங்கள். அதற்கு மேல் வேலை வாங்கினால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கைக் கொடுக்க வேண்டும். அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலங்களைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. இரவு எட்டரைக்கு வீட்டிலிருந்து தயாரித்து அனுப்பும் பட்டியலும் வேலைதான். ஆனால் அது எந்த வரவுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, ஆகவே ஓ.டி.யும் இல்லை. 1954இல் சட்டம் எழுதியவர்கள் அலுவலகம் ஊழியரின் சட்டைப்பைக்குள் வந்து உட்காரும் என்று நினைத்திருக்க வழியில்லை. இன்று சட்டத்தைத் திருத்தக்கூடியவர்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்திய செய்திகள் குறித்து ஊழியர் தரப்போடு பேச வேண்டியுள்ளது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, மறுக்கும் உரிமை ஊழியருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

அவசரம் என்ற ஒன்று உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மார்கழி மழையில் களஞ்சியத்துக்குள் வெள்ளம் ஏறினால் நள்ளிரவிலும் அழையுங்கள். ஓடி வருவோம், வந்துமிருக்கிறோம். அப்படியான நேரத்தில் யாரும் குழுவில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை, தொலைபேசியில்தான் அழைக்கிறார்கள். உண்மையான அவசரத்தை அறிய இதைவிட வேறு சோதனை தேவையில்லை. இரவில்தான் யோசனை வருகிறது என்னும் முகாமையாளர்கள் மின்னஞ்சலாக எழுதிக் காலை எட்டரைக்குப் போய்ச்சேரும்படி நேரம் குறித்து வைக்கலாம். ஜிமெயிலில் 2019ஆம் ஆண்டிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. அவருடைய யோசனையும் தவறிப்போகாது, எங்கள் இரவுச் சாப்பாடும் குழம்பாது.

எங்கள் கிளையில் சிலர் சேர்ந்து முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆறு மணிக்குப் பிறகு குழுவில் வேலைச் செய்தி வேண்டாம் என்றும், தவிர்க்க முடியாமல் வேலை கொடுத்தால் அதை மேலதிக நேரமாகப் பதிய வேண்டும் என்றும் கேட்கிறோம். இப்படியொரு விதி ஏற்கெனவே எழுத்தில் இருக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்த வாசகத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்பிவையுங்கள். கடிதத்தோடு இணைத்துக் கொழும்புக்கு அனுப்ப அது எங்களுக்கு மிகவும் உதவும்.