நூத்தி நாலு வயசுக்காரனை விட்டுட்டு என்னைக் கேக்குறாக

போன வாரம் செட்டிநாட்டுக் கோனாபட்டுல ஒரு சாந்தி. எழுபதாம் கல்யாணம். விடிகாலை அஞ்சு மணிக்கே கிளப்பிக் கூட்டிட்டுப் போயி, சாமி கும்பிட்டு, பலகாரம் சாப்பிட்டு, பத்து மணிக்கெல்லாம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆம்பளைக முகப்புல சீட்டு. பொம்பளைக ரெண்டாங்கட்டுல யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை பவுன்னு பஞ்சாயத்து. நான் தூணோரமா, சில்லுன்னு கெடந்த ஆத்தங்குடிக் கல்லுல சம்மணம் போட்டு உக்காந்து பையிலேருந்து புத்தகத்தை எடுத்தேன்.

எண்ணி நாலு பக்கம். அதுக்குள்ள வந்துட்டாக.

"ஏத்தா, இது ஒம் மக புத்தகமா?"

"இல்ல அயித்தை, என்னுது."

கறுப்பு அட்டை, ரெண்டு வெள்ளைக் கை, நடுவுல செவசெவன்னு ஆப்பிள். விவசாயப் புத்தகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா அவுக பேத்தி பக்கத்துல நின்னுச்சே! "அப்பத்தா, அது ட்விலைட். ரத்தக் காட்டேரி லவ் ஸ்டோரி. நாங்க ஒம்பதாவது படிக்கையிலேயே முடிச்சாச்சு." சொல்லிட்டு அது பாட்டுக்குப் போனை நோண்டப் போயிருச்சு. வளவு முழுக்கச் சிரிப்பு. "நாப்பத்தாறு வயசுல காதல் கதையாக்கும்? அதுவும் பேயோட?" முகப்பு வரைக்கும் சேதி போயி, என் வீட்டுக்காரர் சீட்டைக் கையில விரிச்சு வெச்சுக்கிட்டே சிரிக்கிறாரு.

அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்பக் கேக்குறேன்.

அந்தக் கதையில வர்ற காட்டேரி, எட்வர்டுங்கிற பய, 1901ல சிகாகோவுல பொறந்தவன். 1918ல ஸ்பானிஷ் காய்ச்சல்ல சாகக் கெடந்தவனைக் கடிச்சுக் காட்டேரி ஆக்கிப்புட்டாக. அன்னையிலேருந்து பதினேழுலயே நிக்கிறான். புத்தகம் வந்தது 2005. கணக்குப் போடுங்க, நூத்தி நாலு. அந்த நூத்தி நாலு வயசுக் கெழவன் ஃபோர்க்ஸுங்கிற ஊர்ல பதினொண்ணாங்கிளாஸ் பெஞ்சுல உக்காந்து, பயாலஜி வகுப்புல பக்கத்துல இருக்க பதினேழு வயசுப் பிள்ளையை மொறைச்சு மொறைச்சுப் பாக்குறான். அவனை ஒருத்தரும் "ஒன் வயசுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு கேக்கல. சொந்தக் காசு போட்டு, மதுரையில பழைய புத்தகக் கடையில நாலு பாகத்தையும் சேத்து வாங்கித் தூக்கிட்டு வந்து, வீட்டு வேலை ஆபீஸ் வேலை எல்லாம் முடிச்சு ராத்திரி படிக்கிற என்கிட்ட மட்டும் வயசு கேக்குறாக.

அயித்தைக்கு எழுபத்திரண்டு. ராத்திரியானா அவுக வீட்ல பாம்பு பொம்பளையா மாறி, கல்யாணம் பண்ணி, பழிவாங்குற சீரியல் ஓடும். அந்த நேரத்துல போன் பண்ணுனா எடுக்க மாட்டாக. அது குடும்பக் கதையாம். நான் படிக்கிறது பேய்க் கதையாம்.

இதுல மச்சான் முறை ஒருத்தர் வேற. கம்பன் விழாவுக்கு வருசம் தவறாமப் போறவரு. முகப்புலேருந்து எழுந்து வந்து எனக்கு இலக்கியம்னா என்னன்னு பாடம் எடுத்தாரு. "நம்ம மொழியில இல்லாததா?" இருக்கே மச்சான், அதைத்தானே நானும் சொல்றேன்! சூர்ப்பணகை அழகியா உருமாறி ராமன் முன்னால நடந்து வர்றதைக் கம்பன் பாடுனாரு. அரக்கி, மனுசன் மேல ஆசைப்பட்டு, வேசம் மாத்திக்கிட்டு வர்றா. அது என்ன கதை? அந்தப் பாட்டைச் சொல்லும்போது நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தாளம் போடுறீகளே, அப்ப வயசு தெரியலையா? கலிங்கத்துப்பரணியில கடைதிறப்புன்னு ஊடல் கூடல் எல்லாம் பாடிட்டு, அப்பறம் போர்க்களத்துல பேய்க கூழு காய்ச்சுதுக. எழுதி எண்ணூறு, தொள்ளாயிரம் வருசம் ஆச்சுன்னா காதலும் பேயும் சேந்து காவியம். 2005ல எழுதுனா சின்னப் பிள்ளைக சமாச்சாரம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகத்துலேருந்து கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு வரைக்கும் ஒண்ணு விடாமச் சேத்து வெச்ச மனுசன். எது ஒசத்தி, எது மட்டம்னு குப்பையில போடல. 1992ல அவர் போனதுக்கப்பறம் அந்தத் தொகுப்பை வாங்குனது யாரு? சிகாகோ பல்கலைக்கழகம். எட்வர்டு ஊரு. (இதை அயித்தைகிட்டச் சொல்லியிருந்தா அந்தக் காட்டேரிதான் வாங்கிட்டுப் போச்சுன்னு நெனைச்சிருப்பாக. புத்தகமெல்லாம் சென்னையில பத்திரமா நூலகமா இருக்கு.)

அதுக்காக நான் ஒண்ணும் மயங்கிக் கெடக்கல. அந்தப் பதினேழு வயசுப் பிள்ளை தூங்குறப்ப எட்வர்டு ராத்திரி ராத்திரி வீட்டுக்குள்ள வந்து அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறானாம். என் மக பின்னால எவனாவது அப்படி வந்தா வெளக்கமாறு பிஞ்சிரும். நாலாவது பாகத்துல ஓநாயா மாறுற பையன் ஒருத்தன் பச்சைப் பிள்ளைகூட பந்தம்னு சொல்லும்போது புத்தகத்தை மூடி வெச்சு ரெண்டு நாள் தொடல. இதையெல்லாம் பதினேழு வயசுல படிச்சிருந்தா நெசமான காதல் இப்படித்தான் இருக்கும்னு நம்பித் தொலைச்சிருப்பேன். இப்ப, நல்லா இருக்க எடத்துல நெஞ்சு படபடங்குது, கோணலா இருக்க எடத்துல திட்டிக்கிட்டே பக்கத்தைத் திருப்புறேன். இந்தப் புத்தகத்தைப் படிக்க எனக்கில்லாத வயசு யாருக்கு இருக்கு?

எட்வர்டோட காட்டேரிக் குடும்பம் மழை ஓயாத ஊராப் பாத்துப் போச்சு, வெயில் பட்டா மேலு வைரமா மின்னுமாம். நம்ம பக்கத்து வெயிலுக்கு என்ன கதியோ. ஆனா கானாடுகாத்தான்ல பூட்டிக் கெடக்குற வீடு ஒண்ணைப் புடிச்சா, முன்னோருக்குப் படைப்புப் போடப் பங்காளிக வர்ற வரைக்கும் ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்.

நெசத்துல இவுகளுக்குக் காட்டேரி பிரச்சினையே இல்லை. பொம்பளை நாப்பது தாண்டிட்டா சஷ்டி கவசம் படிக்கலாம், சமையல் குறிப்பு படிக்கலாம், சர்க்கரைக்கு என்ன சாப்பிடணும்னு படிக்கலாம். ஒருத்தன் ஒருத்தியைப் பாத்து மூச்சடைச்சுப் போனான்னு படிக்கக் கூடாது. படிச்சா, இவளுக்கு என்ன கொறைன்னு கேள்வி வரும். எனக்கு ஒரு கொறையும் இல்லை. கதை நல்லா இருக்கு, படிக்கிறேன். சீட்டாடுற ஆம்பளைககிட்டப் போயி யாராவது கொறை கேட்டாகளா? ஹாஸ்டல்ல இருக்க என் மகளும் போன் பண்ணி, "ம்மா, ஆபீஸ்ல மட்டும் எடுத்துப் படிச்சிராதீங்க"ங்குது. நீயுமாடி?

அன்னைக்கு அந்தச் சிரிப்புல பக்கம் தெரியாமப் போயிரக் கூடாதுன்னு கையில இருந்த மொய்க் கவரை உள்ள வெச்சு மூடுனேன். வீட்டுக்கு வந்து தொறந்தா, ஆயிரத்தி ஒரு ரூவாயோட கவர் அப்படியே இருக்கு. மொய் எழுதாம வந்துட்டாகன்னு இப்ப கோனாபட்டு வரைக்கும் பேச்சாம். அதுக்கும் அந்தக் காட்டேரிதான் காரணமாம்.