அப்பாவின் நாலு கடையும் மச்சானின் போனும்

"தடை போட்டா மட்டும் நின்னுடுமா?" சூதாட்டத் தடை பற்றிப் பேச்சு வந்தாலே டீக்கடையில் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையிலும் இருந்தார். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கூலி வாங்கி வீட்டுக்கு வரும் வழியில் நாலு லாட்டரிக் கடை. பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று கலர் கலராகச் சீட்டுகள் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கும். நாலையும் தாண்டி முழுக் காசோடு அவர் வந்த நாட்களை அம்மா விரல்விட்டு எண்ணுவாள். வாங்கிய சீட்டு முருகர் படத்துக்குப் பின்னால் போகும். மறுநாள் டீக்கடைப் பேப்பரில் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வருவார். "ஒரு நம்பர்ல போச்சுடா" என்பார். அடுத்த சீட்டு வாங்க அதுவே காரணம்.

அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்ததே அரசாங்கம்தான். 1968-ல் அண்ணா ஆட்சியில் வந்தது தமிழ்நாடு அரசு லாட்டரி. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். எங்கள் வீட்டுக்கு விழவே இல்லை. நாட்டுக்கு நிறையக் கொடுத்திருக்கிறோம்.

2003 ஜனவரியில் ஜெயலலிதா எல்லா லாட்டரிக்கும் தடை போட்டார். கயிறுகள் காலியாயின. அப்பா திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன், மனிதர் ஒரு நாளும் தப்பென்று ஒப்புக்கொண்டதில்லை. வழியில் கடை இல்லை, அவ்வளவுதான். இல்லாத கடையைத் தேடி அலையும் அளவுக்கு அவருக்கு வெறி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

தேடுகிறவர்களுக்கு மூணு நம்பர் இருக்கத்தான் செய்கிறது. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்ணுக்குப் பணம் கட்டுவது. துண்டுச் சீட்டில் எழுதியது போய் இப்போது வாட்ஸ்அப். ரெய்டு வந்தால் மாட்டுவது நம்பர் எழுதும் பையன். பணம் யாரிடம் போகிறதோ அந்த ஆள் மாட்டி நான் பார்த்ததில்லை. கேரம் கிளப் பின்னால் பத்து ரூபாய் வைத்துச் சீட்டாடும் கிழவர்களையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். அதற்கு 1888-ல் வெள்ளைக்காரன் போட்ட நகரக் காவல் சட்டம் இருக்கிறது. இப்படிச் சின்ன ஆட்களை மட்டும் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்காகத் தடையே வீண் என்பதை ஏற்க முடியாது.

அப்புறம் போன் வந்தது. அப்பாவுக்காவது நாலு கடை வரை நடக்க வேண்டியிருந்தது. என் தங்கை வீட்டுக்காரருக்குத் தலையணைக்கு அடியிலேயே கடை. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் எழுந்து பார்த்தால் பாத்ரூம் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும், தண்ணீர்ச் சத்தம் இருக்காது. உள்ளே ரம்மி. ஒன்றாம் தேதி ஏறிய சம்பளம் நாலாம் தேதி இருக்காது.

அரசும் சும்மா இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2020-ல் அவசரச் சட்டம், 2021-ல் சட்டம். அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் மறுபடி மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மி திறமை விளையாட்டு என்று தீர்ப்பு. பாத்ரூமில் உட்கார்ந்து என்ன திறமை காட்டினாரோ மச்சான்.

2025 பிப்ரவரியில் வந்த விதிதான் எனக்குப் பிடித்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது. 'அவன் பணம், அவன் நேரம்' என்று கேலி செய்தார்கள். ஒரே அறையில் அஞ்சு பேர் படுக்கும் வீட்டில் ராத்திரி என்பது ஒருவனுடைய நேரம் மட்டும் இல்லை. ஜூனில் உயர் நீதிமன்றமும் அந்த விதியை ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசு, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதையே மொத்தமாகத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது.

மச்சானுக்கு இப்போது டெலிகிராமில் கிரிக்கெட் பெட்டிங் லிங்க் வருகிறதாம். தொடுகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நேற்று தங்கையிடம் கேட்டேன்.

"ராத்திரியில தூங்குறாருண்ணா. கொறட்டதான் தாங்கல."