கட்டைவிரல்காரர்களை விட்டுவிடுங்கள்

ஆர்.சி. விமானம் (தரையில் நின்று ரேடியோ அலையால் ஓட்டும் குட்டி விமானம்) விடப் பழகும் பையன் ரேடியோவை, அதாவது இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோல் பெட்டியைக் கையில் வாங்கியதும் நம்ம சீனியர்கள் முதலில் சொல்வது, "தம்பி, கட்டைவிரல்ல ஓட்டாத, ரெண்டு விரலால பிடி" என்பதுதான். கடலூரும் சரி, புதுச்சேரியும் சரி, இந்த உபதேசத்துக்குக் குறைவே இல்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பிடியைப் பற்றிப் பேசுமுன் ரேடியோவின் எடையை எது தாங்குகிறது, கையா கழுத்தா என்று பார்க்க வேண்டாமா?

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம். எந்த ஸ்டிக் எதை ஓட்டும் என்ற ஏற்பாட்டில் நம் ஊரில் பெரும்பாலும் மோடு 2தான். இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும் (மூக்கை இடம் வலம் திருப்ப), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்க) எய்லரானும் (இறக்கையைச் சாய்க்க). ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரலை மட்டும் வைத்து ஓட்டுவது ஒரு வகை. கோலமாவு எடுப்பது போலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓட்டுவது இன்னொரு வகை. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் என்று நடுவாந்தரமாக ஓட்டுகிறவர்களும் உண்டு.

இரண்டு விரல் பிடியில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கட்டைவிரல் அடிமூட்டிலிருந்து அசைகிறது. நேராகத் தள்ளுவதாக நாம் நினைத்தாலும் அது லேசான வளைவில்தான் போகும். த்ராட்டிலை முழுசாக ஏற்றும்போது ரட்டரும் கொஞ்சம் சேர்ந்துகொள்வது இதனால்தான். டேக்ஆஃபில் விமானம் ஒரு பக்கம் இழுத்தால் மோட்டார் மேல் பழியைப் போடுகிறோம். சில நேரம் குற்றவாளி நம் விரல். லூப்பிலும் (செங்குத்தாக ஒரு வட்டம் போடுவது) இதே கதை. எலிவேட்டரை மட்டும் இழுக்க வேண்டிய இடத்தில் எய்லரானும் ஒட்டிக்கொண்டு வரும், லூப் கோணிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் விரல் இருந்தால் இது குறையும்.

ஆனால் அந்தப் பிடி சரியாக வர, உள்ளங்கையின் அடிப்பாகம் ரேடியோ மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். அதற்கு ரேடியோ கழுத்துப் பட்டையில் தொங்க வேண்டும், இல்லை ட்ரேயில் (ரேடியோவைத் தாங்கும் தட்டு) உட்கார வேண்டும். பழகுகிற பையன்களிடம் இருப்பதோ நாலு பென்சில் செல்லில் ஓடும் ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி சின்ன ரேடியோ. பட்டையில்லாமல் அதை இரண்டு விரலால் ஓட்டச் சொன்னால், பின்னால் தாங்குவதற்கு மூன்று விரல்தான் மிச்சம். நழுவாமல் இருக்க அந்த மூன்றும் இறுகும், மணிக்கட்டு இறுகும், அந்த இறுக்கம் அப்படியே ஸ்டிக்குக்குப் போகும். மே மாதக் கசகசப்பில் விரல் வியர்த்தால் கேட்கவே வேண்டாம். கட்டைவிரலில் ஓட்டும்போது மற்ற விரல்கள் பின்னால் அணைத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல் மேல் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும், டூயல் ரேட்டை (ஸ்டிக்குக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) தட்ட ஸ்டிக்கை விட வேண்டியதில்லை.

கையால் எறிகிற தெர்மாகோல் விமானம் என்றால் இன்னும் வெளிப்படை. வலது கை விமானத்தை எறிகிறது. இடது கை ஒன்றே ரேடியோவையும் தாங்கி த்ராட்டிலையும் பார்க்க வேண்டும். பட்டை போடாத எந்தச் சீனியரும் அந்த நொடியில் கட்டைவிரல்காரர்தான்!

என் பெரிய குறை என்னவென்றால், பிடியை மாற்றச் சொல்கிறவர்கள் ஸ்டிக்கைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான ரேடியோக்களில் ஸ்டிக் முனை இரண்டு துண்டாக இருக்கும். எதிரெதிராகத் திருகினால் பூட்டு தளரும், நீளத்தை ஏற்றி இறக்கலாம். கட்டைவிரலுக்குக் குட்டை, இரண்டு விரலுக்குக் கொஞ்சம் நீளம். அடியிலிருந்து நீளம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், அதே கோணத்துக்கு முனை நகரும் தூரமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். விரல் நடுக்கம் விமானத்தில் அதற்கேற்பக் குறைவாகத் தெரியும். அதே நீள ஸ்டிக்கில் கட்டைவிரலை வைத்தால் மூலைக்கு எட்டாது, வழுக்கும். ஸ்பிரிங் இறுக்கத்துக்கும் பல ரேடியோக்களில் உள்ளே திருகு உண்டு. இவ்வளவும் செய்த பிறகும் விமானம் துள்ளினால் எலிவேட்டருக்கு 25, 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் செட்டிங்) போடுங்கள். (ஃபியூட்டாபா ரேடியோவில் மென்மையாக்க மைனஸ், ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் ப்ளஸ். ரேடியோ மாற்றியவர்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பறக்க விடுங்கள்.)

நான் எதில் ஓட்டுகிறேன் என்று கேட்பீர்கள். பெரிய பால்சா மர விமானத்துக்கு ட்ரே, இரண்டு விரல். தெர்மாகோலுக்குக் கட்டைவிரல். லாஸ்பேட்டை விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் புதுச்சேரி நண்பர்கள் நெல்லிக்குப்பம் பக்கம் அறுவடை முடிந்த வயலுக்கு வருகிறார்கள். அவர்களில் இரண்டு வகையினரும் உண்டு, லேண்டிங்கைப் பார்த்து யார் எந்தப் பிடி என்று சொல்ல என்னால் முடிந்ததில்லை.

மாற்றித்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் முதலில் சிமுலேட்டரில் மாற்றுங்கள். அப்புறம் வயலில், கடல்காற்று எழும் முன், நல்ல உயரத்தில். லேண்டிங்குக்குக் கொஞ்ச நாள் பழைய பிடியே இருக்கட்டும். கழுத்துப் பட்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் குனியும்போது பட்டை ப்ரொப்பெல்லர் பக்கம் தொங்கும். முதலில் அதைக் கழற்றிவிட்டு, ரேடியோவைத் தரையில் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் கவிழ்ந்து த்ராட்டில் ஏறிவிடும்.