கேடயத்துல கிட்டார் இருந்தா என்ன தப்பு?

இங்கிலாந்துலயோ கனடாவுலயோ யாருக்காவது புதுசா கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது ஒரு ஆளுக்கோ ஊருக்கோன்னு கேடயத்துல வரையற அதிகாரபூர்வ சின்னம், கொடுத்தாங்கன்னா போதும், உடனே ஒரு கூட்டம் கெளம்பிடுது. சிங்கம் எங்க, கழுகு எங்க, இதென்ன பியானோ கட்டை, கம்ப்யூட்டர் நம்பர், மானம் போச்சுன்னு. ஏங்க, சிங்கம் மட்டும் என்ன இங்கிலாந்துக் காட்டுலயா திரிஞ்சுது? அதை வரைஞ்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நேர்ல பாத்திருக்கவே மாட்டாங்க, படத்தப் பாத்தாலே தெரியும், சிரிச்ச நாய் மாதிரி இருக்கும் சிலது.

இதெல்லாம் இன்னுமா கொடுக்கறாங்கன்னு கேக்கறவங்களுக்கு, ஆமா கொடுக்கறாங்க. லண்டன்ல 1484ல ஆரம்பிச்ச, இந்தச் சின்னங்களக் கொடுக்கற ஆபீஸான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இன்னும் கடை தெறந்துதான் இருக்கு. கனடாக்காரங்க 1988ல தங்களுக்குன்னு தனி ஆபீஸே வெச்சுக்கிட்டாங்க.

என்னக் கேட்டா கேடயத்துல என்ன வரையறோம்ங்கறது பிரச்சனையே இல்ல, எப்படி வரையறோம்ங்கறதுதான். இதுக்கு ஒரு பழைய விதி இருக்கு. தங்கமும் வெள்ளியும் உலோகம், சிவப்பு நீலம் கருப்பு பச்சை எல்லாம் நிறம், உலோகத்து மேல உலோகம் வெக்கக் கூடாது, நிறத்து மேல நிறம் வெக்கக் கூடாது, அவ்ளோதான். தூரத்துல வர்ற ஆள் யாருன்னு பளிச்சுனு தெரியணும், அதுக்குத்தான். இன்னொண்ணு, இது லோகோ மாதிரி கிடையாது. சின்னம்ங்கறது வார்த்தையில எழுதின ஒரு வர்ணனை, அதப் படிச்சு பத்து ஓவியர் பத்து விதமா வரையலாம், பத்தும் செல்லும். இந்த ரெண்டையும் காப்பாத்திட்டா நீங்க உள்ள டைனோசரையே நிறுத்தினாலும் எனக்கு ஓகே.

ஃபின்லாந்துல பாருங்க. 1949ல சட்டம் போட்டு ஊர் ஊருக்கு புதுச் சின்னம் வரைய ஆரம்பிச்சாங்க. வடக்கே லாப்லாந்துல இனாரின்னு ஒரு ஊர், கருப்புல ஒரு வெள்ளி மீன், அந்த மீனுக்குத் தலையில தங்கக் கலைமான் கொம்பு! ஏரியும் கலைமானும்தான் அந்த ஊருக்கு சோறு போட்டுது, ரெண்டையும் ஒரே உடம்புல ஒட்டிட்டாங்க. ஒரு தடவ பாத்தா மறக்காது. ரஷ்யாவுல அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிச்ச, வெளியாள் இஷ்டத்துக்கு நுழைய முடியாத மூடிய நகரம் ஜெலஸ்னகோர்ஸ்க், அவங்க சின்னத்துல ஒரு தங்கக் கரடி அணுவை கையாலயும் காலாலயும் பிச்சுட்டு இருக்கும். மொதல்ல பாத்தப்போ மீம்னே நெனச்சேன், நெஜமாவே அந்த நகரத்தோட சின்னம்தான். பழைய இலக்கணம் அப்படியே இருக்கு, சிவப்பு மேல தங்கம், நடுவுல ஒரே ஒரு மிருகம், ஒரே ஒரு வேலை.

என் ஃபேவரிட் ஆனா நூனவுட். கனடாவோட ஆர்க்டிக் பகுதி, 1999 ஏப்ரல்ல தனிப் பிரதேசம் ஆச்சு. அதோட சின்னம் ஆண்ட்ரூ காப்பிக்னு ஒரு இன்யூட் ஓவியர் வரைஞ்சது, இன்யூட்னா அந்த ஆர்க்டிக் பகுதியோட பழங்குடி ஜனங்க. கேடயம் வட்டம்! குதிரையில ஈட்டி தூக்கிட்டு வந்த ஜனங்களா அவங்க, கூர் வெச்ச கேடயம் எதுக்கு. மேல் பாதி நீலம், கீழ் பாதி தங்கம், தங்கத்து மேல நீலமா ஒரு இனுக்சுக், அதாவது பனிவெளியில வழி தெரியறதுக்கு கல்லடுக்கி வெப்பாங்களே அது, பக்கத்துல வீட்டுக்குள்ள வெளிச்சமும் சூடும் கொடுக்கற கல் விளக்கு. மேல நீலத்துல தங்கமா அஞ்சு உருண்டை வில் மாதிரி வளைஞ்சு போகும், அதுதான் அடிவானத்த ஒட்டி ஓடற சூரியன், கூட வடக்கு நட்சத்திரம். ரெண்டு பக்கமும், பிரிட்டிஷ் ராஜ சின்னத்துல நிக்கற சிங்கம், யூனிகார்ன்ங்கற ஒத்தக் கொம்புக் குதிரை இதுக்கெல்லாம் பதிலா ஒரு கலைமான், ஒரு நார்வால் திமிங்கலம், நார்வாலுக்கும் தலையில நீளக் கொம்பு மாதிரி ஒரு பல் இருக்கறதால யூனிகார்ன் இல்லாத குறையே தெரியல. எனக்கு ஒட்டாதது ஒண்ணே ஒண்ணு, உச்சியில இருக்கற இக்ளூ, அதாவது பனிக்கட்டி வீடு, அது மேல ராஜ கிரீடம். பிரிட்டிஷ் மன்னர்தான் கனடாவுக்கும் மன்னர், சட்டப்படி சரிதான், இருந்தாலும் கண்ண உறுத்துது.

சொதப்பினதும் இருக்கு. பிரிட்டிஷ் பார்லிமென்ட் சபாநாயகரா இருந்த ஜான் பெர்கோ 2011ல வாங்கினது. ஏணி, ஏன்னா டாக்ஸி டிரைவர் பையன் மேல வந்தாரு. உருண்டை, ஏன்னா டென்னிஸ் பிடிக்கும். கத்தி, ஏன்னா எசெக்ஸ்ல படிச்சாரு, அந்த ஊர் சின்னத்துல கத்தி இருக்கு. ஒருபாலீர்ப்பாளர் உரிமைக்காக பிங்க் முக்கோணம், வாசகத்தச் சுத்தி வானவில். அந்த உரிமைக்கு நானும் கை தூக்குவேன், ஆனா இது சின்னம் இல்லங்க, பயோடேட்டா. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லணும்னா அப்புறம் படம் எதுக்கு?

கனடா கவர்னர் ஜெனரலா இருந்த டேவிட் ஜான்ஸ்டனோடது வேற மாதிரி கூத்து. கேடயத்தோட அடியில ஒண்ணும் பூஜ்யமுமா 33 இலக்கம். இன்டர்நெட்ல ஒரு கூட்டமே உக்காந்து டீகோட் பண்ணிச்சு, கடைசில பாத்தா இந்தப் பக்கம் படிச்சாலும் அந்தப் பக்கம் படிச்சாலும் ஒண்ணா வருது, மத்தபடி ரகசியம் எதுவும் இல்ல. டிஜிட்டல் காலம்ங்கற ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்தடி தள்ளி நின்னா வெறும் பொடிப்பொடியாத்தான் தெரியும், கல்லுல செதுக்கற ஆள் பாவம்.

பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னியோடது இதுக்கு நேர் எதிர். கிட்டார் படத்தயே கேடயத்துல வரையல. ரெண்டு பக்கமும் இடுப்பு மாதிரி உள்வாங்கற வளைவு, ரெண்டு வட்டம், மேலருந்து கீழ வரைக்கும் ஆறு கம்பி, எல்லாம் தங்கமும் கருப்பும். வளைவும் வட்டமும் ஹெரால்ட்ரியில, அதாவது இந்தச் சின்னக் கலையில, ரொம்ப காலமா இருக்கற வடிவங்களோட சாயல்தான், ஆனா தெரிஞ்சவங்க கண்ணுக்கு ஆறு கம்பியோட கிட்டார்! முழு கிட்டார் வேணும்னா மேல நிக்கற, லிவர்பூல் நகரத்தோட அடையாளமான பறவை கையில இருக்கு. பியானோ வாசிச்சுப் பாடற எல்டன் ஜான் சின்னத்துல பியானோ கட்டையும் ரெக்கார்டு தட்டும் நேராவே இருக்கும், உச்சியில ஆட்டுக்கால் மனுஷன் ஒருத்தன் ஃபுட்பால் மேல குளம்ப வெச்சுக்கிட்டு குழல் ஊதுவான். ஜாலியா இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா ரெண்டுல எதுன்னு கேட்டா என் ஓட்டு மெக்கார்ட்னிக்குத்தான். எல்டன் ஆளுங்க கமெண்ட்ல சண்டைக்கு வரலாம், டென்னிஸ் உருண்டைக்கு வக்காலத்து வாங்கறவங்க மட்டும் வேண்டாம்.