முதல்ல ப்ளானைக் காட்டுங்க

நம்ம தெருப் பள்ளிக்கூடத்து மேல இன்னும் ரெண்டு மாடி ஏத்தப் போறாங்க, தெருக்காரங்க ஆட்சேபணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதைப் பத்தி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்துல என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். வீடியோவும் எல்லா குரூப்புலயும் சுத்திக்கிட்டு இருக்கு. அதைத் திரும்பச் சொல்லப் போறதில்லை. ஆனா, பள்ளித் தரப்புல மைக்கைப் பிடிச்சு எங்களைப் பார்த்து "குழந்தைங்க படிப்பைத் தடுக்கிறவங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே, அதைக் கேட்டுட்டுப் பேசாம இருக்க முடியலை.

பள்ளிக்கூடம் வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலை. ரெண்டு மாடி ஏத்துறீங்க, ஏத்துங்க. அனுமதி வாங்கின ப்ளானைக் காட்டுங்கன்னுதான் கேட்டாங்க. "எல்லாம் இருக்கு"ன்னு பதில் வந்துது. இருந்தா எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அனுமதி எண், தேதி, எத்தனை தளம், இதெல்லாம் எழுதின பலகையை வேலை நடக்கிற இடத்துல வெளியில தெரியற மாதிரி வைக்கணும். அங்க இருக்கிறது அட்மிஷன் பேனர் மட்டும்தான்.

நம்ம பக்கத்து ஆளுங்க மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. பார்க்கிங், ஹார்ன், ஆண்டுவிழா ஸ்பீக்கர்னு பேசிப் பேசியே விஷயத்தைச் சின்னதாக்கிட்டாங்க. மேல ஏறப்போற பாரத்தைப் பத்தி யாராவது வாயைத் திறந்தாங்களா?

கணக்கு இதுதான். வீட்டுத் தளத்துக்கு ஆளும் சாமானுமா சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு வச்சு டிசைன் பண்ணுவாங்க. வகுப்பறைக்கு 300 கிலோ. பள்ளி வராண்டாவுக்கு 400, ஏன்னா பெல் அடிச்சதும் மொத்தக் கூட்டமும் அங்கதான் வந்து நிக்கும். மொட்டைமாடிக்கு வெறும் 150. அந்தக் கட்டடம் முதல்ல வீடாக் கட்டினது, பிறகுதான் பள்ளியாச்சு. 150 கிலோவுக்குப் போட்ட மொட்டைமாடி இனிமே வகுப்பறையோட தரையா மாறணும். அதோட சுவர் வேற. 9 இன்ச் செங்கல் சுவர், 10 அடி உயரம்னா, ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 1,400 கிலோ வரும். கீழ பீம் போற கோட்டுலயே மேல சுவர் வந்தா சமாளிக்கலாம். வீட்டு பெட்ரூமும் வகுப்பறையும் ஒரே அளவு இல்லையே. சுவர் நடு ஸ்லாபுல, அதாவது அடியில பீம் இல்லாத கான்கிரீட் தளத்துல வந்து உக்காரும். முதல்ல ஸ்லாப் லேசாத் தொங்கும், அடியில மயிரிழை மாதிரி விரிசல் விடும். பெயின்ட் அடிச்சு மறைச்சா அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

மொட்டைமாடியில தலையை நீட்டிக்கிட்டு இருக்கிற தூண் கம்பிங்களைத் தெருவுல நின்னே பார்க்கலாம். என்னைக்காவது மேல கட்டுவோம்னு விட்டு வச்சது. எத்தனையோ மழைக்காலம் நனைஞ்சு, தொட்டா செதில் செதிலா உதிர்ற நிலையில இருக்கு. 12 எம்எம் கம்பி துருவுல தேய்ஞ்சு 10 எம்எம் ஆச்சுன்னா பரப்புல 30 சதவீதம் போயிடுச்சுன்னு அர்த்தம். புதுக் கம்பியை அதோட சேர்த்துக் கட்ட, கம்பி தடிமனைப் போல 50 மடங்கு நீளம், அதாவது 600 எம்எம் நல்ல கம்பி வேணும். அங்க வெளியில நிக்கிறது ஒரு அடி.

இதுக்கெல்லாம் வழி இல்லாம இல்லை. அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல குழி தோண்டி, ஃபுட்டிங், அதாவது தூணோட அடிப்பீடம், எவ்வளவு அகலம்னு பார்க்கலாம். மண் பரிசோதனை செய்யலாம். தூண்ல தட்டிப் பார்க்கிற ரீபவுண்ட் ஹேமர் கருவியை அடிச்சு, சந்தேகமான இடத்துல துளை போட்டுக் கான்கிரீட் துண்டு (கோர்) எடுத்து, கான்கிரீட் பலம் பார்க்கலாம். பத்தலைன்னா தூணைச் சுத்திக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊத்தி ஜாக்கெட் போடலாம். அதை அடியில ஃபுட்டிங்ல இருந்தே கொண்டு வரணும். தரைக்கு மேல மட்டும் பூசிட்டு ஜாக்கெட்னு சொன்னா அது வெறும் பூச்சு. செலவு பிடிக்கும், ரெண்டு மூணு மாசம் வகுப்பு நடக்காது. அதனாலதான் யாரும் இதைப் பத்திப் பேச மாட்டேங்கறாங்க.

படிக்கட்டுக்கு வருவோம். பள்ளிக் கட்டடத்துல படிக்கட்டு குறைஞ்சது 1.5 மீட்டர் அகலம் இருக்கணும், ஒவ்வொரு படியும் 150 எம்எம்முக்கு மேல உயரக் கூடாது, கால் வைக்கிற இடம் 300 எம்எம் வேணும்னு தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லுது. அங்க இருக்கிறது மூணு அடி வீட்டுப் படிக்கட்டு. ரெண்டு மாடிப் பிள்ளைங்களும் அதுலயே இறங்கணுமா?

2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைங்க. சமையல்கூடத்துல பிடிச்ச தீ கீற்றுக் கூரைக்குத் தாவுச்சு. ஒரே வளாகத்துல மூணு பள்ளி, இறங்க ஒடுக்கமான படிக்கட்டு. அதுக்குப் பிறகுதான் மாநகராட்சியில பள்ளி நடத்த 6 கிரவுண்டு, ஊராட்சியில 3 ஏக்கர்னு நில அளவு வகுத்தாங்க. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பசங்க போனாங்க. பாரம் தாங்குற தூண்கூட இல்லை, ஒரு சுவர்தான் விழுந்தது. இதெல்லாம் தெரிஞ்சும் ப்ளானைக் காட்டுங்கன்னு கேட்கிறவங்க படிப்புக்கு எதிரியா?

"பள்ளி முன்னாடியே இருந்தது, நீங்கதான் பிறகு வந்தீங்க"ன்னு ஒருத்தர் கேட்டார். இருக்கட்டும். முன்னாடி இருந்தது அந்தக் கீழ்த்தளமும் முதல் மாடியும்தான். அதுக்கு வாங்கின அனுமதி இன்னும் ரெண்டு மாடிக்குச் செல்லாது.

"உங்க வீட்டுக்கே செட்பேக் இல்லையே"ன்னு இன்னொருத்தர். கட்டடத்தைச் சுத்தி விட வேண்டிய காலி இடத்தைச் சொல்றார். உண்மைதான். நம்ம தெருவுல பாதி வீட்டுக்கு இல்லை. அதுவும் தப்புதான். ஆனா அந்த வீட்டுல தூங்குறது நாலு பேர். இங்க ஒரு தளத்துக்கு 8 வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைங்கன்னாலே 320 பேர். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசாதீங்க.

"ஃபயர் என்ஓசி வாங்கிடுவோம்"னு, அதாவது தீயணைப்புத் துறையோட தடையில்லாச் சான்று வாங்கிடுவோம்னு சொல்றாங்க. வண்டி உள்ள வரணுமே! தெரு 20 அடி, அதாவது 6 மீட்டர். ரெண்டு பக்கமும் கார் நின்னா காருக்கு 1.8 மீட்டர் போக, நடுவுல 2.4 மீட்டர்தான் மிச்சம். தீயணைப்பு வண்டி அகலமே சுமார் இரண்டரை மீட்டர். காலை எட்டரை மணிக்கு வந்து பாருங்க, வேன் பின்னாடி வேனா எப்படி அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு. கேட்டை உள்ளே தள்ளி வச்சு, பிள்ளைங்களை வளாகத்துக்குள்ள இறக்கிவிட இடம் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதுக்கு ரெண்டு வகுப்பறை அளவு இடத்தை விட்டுக் கொடுக்கணும். மனசு வரலை.

கடைசியா ஒண்ணு. மூலை வீட்டம்மாவைப் பார்த்து "பிள்ளை இல்லாத வீட்டுக்கு இதெல்லாம் எங்க புரியும்"னு சொன்னீங்களே. அவங்க வீட்டு வாசல்லதான் தினமும் ரெண்டு வேன் நிக்குது. அந்தப் பசங்களுக்குத் திண்ணையில குடத்துல தண்ணி வச்சு, மேல எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து வைக்கிறவங்க அவங்க. கூட்டம் முடிஞ்சு எழுந்து போறப்ப ஒரு வார்த்தை பேசலை. அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. ப்ளான் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்.

இல்லை, அப்புறம் இல்லை. இப்பவே பேசணும். சர்வே எண்ணைப் போட்டு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமை மனு ரெடியா இருக்கு. திட்ட அனுமதி, கட்டட அனுமதி, கட்டட உறுதிச் சான்று, மூணோட நகலும் கேட்டிருக்கு. பதில் வர 30 நாள். அதுக்குள்ள நீங்களே தூணைத் தட்டிப் பார்த்த ரிப்போர்ட்டோடயும் ரெண்டாவது படிக்கட்டு போட்ட ப்ளானோடயும் வாங்க. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய் ஆட்சேபணையை வாபஸ் வாங்க வைக்கிறேன்.