அனுப்பியதைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்

வியாழக்கிழமை சூம் கூட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அதில் இருந்த பாதிப்பேர் இங்கேயும் இருக்கிறீர்கள், யார் என்ன சொன்னார் என்று நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஹோட்டல் அறைப் பதிவுகளை இன்னொரு சிஸ்டத்தின் சேர்வருக்கு அனுப்பும் கோடை எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி எழுதினான். அறைப் பட்டியல் மட்டும் அங்கே காலியாக விழுந்தது. அதற்குச் சேர்வர் பக்கத்தில் ஒருவர் கூட்டத்தில் சொன்னது: "இது திருகோணமலைப் பொடியன் எழுதின கோட், அதுதான் அரே வெறுமையாக வருகுது." (அரே என்றால் பட்டியல்.) இந்த ஒரு வசனம் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கேட்டதும் தம்பி கமராவை அணைத்துவிட்டான்.

நான் கேட்பது ஒன்றுதான். அப்படிச் சொன்னவர், அவன் அனுப்பிய எக்ஸ்.எம்.எல்.லை, அதாவது சேர்வருக்குப் போன மெசேஜை, ஒரு தடவையாவது திறந்து பார்த்தாரா?

நான் பார்த்தேன். அன்று இரவே உப்புவெளியில் என் வீட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து, பி.எச்.பி. மொழியின் சோப் கிளையன்டில் (சோப் என்பது சிஸ்டங்கள் எக்ஸ்.எம்.எல். மெசேஜில் பேசிக்கொள்ளும் முறை, கிளையன்ட் அனுப்பும் பக்கம்) ட்ரேஸ் போட்டு, அதாவது போவதைப் பதிவுசெய்ய வைத்து, கடைசியாகப் போன மெசேஜை எடுத்தோம். மூன்று அறைகளும் முழுசாக அதில் இருந்தன. பட்டியலின் வகையைச் சொல்லும் அரேடைப் என்ற இடத்தில் [3] என்று எண்ணிக்கைகூட இருந்தது. ஒவ்வொரு அறையும் 'ஐட்டம்' என்ற டாகுக்குள், அதாவது பெயர்க்குறிக்குள். இது 2000ஆம் ஆண்டு சோப் 1.1இன் ஐந்தாம் பிரிவு சொன்ன என்கோடிங், தகவலை எழுதும் முறை. இதை அவன் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் ஈமெயிலில் லிங்காக அனுப்பிய டபிள்யூ.எஸ்.டி.எல். ஃபைலில் (மெசேஜ் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் ஃபைல்) 'என்கோடெட்' என்று இருந்தது, கிளையன்ட் அதன்படி கட்டியது. உங்கள் சேர்வரோ எப்போதோ டொக்கியுமென்ட் லிட்டரல் என்ற வேறு முறைக்கு மாறிவிட்டது. அது 'ரூம்' என்ற டாகைத் தேடுகிறது, 'ஐட்டம்' வந்தால் பேசாமல் விட்டுவிடுகிறது. அதனால் விருந்தினர் பெயர் போய்ச் சேரும், தேதி போய்ச் சேரும், அறைப் பட்டியல் மட்டும் காலி. எரர் கிடையாது, எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்று பதில் வரும்.

பி.எச்.பி. டபிள்யூ.எஸ்.டி.எல்.லை வழக்கமாக 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருக்கும். பிழை அங்கேதானோ என்று அவன் அதையும் அழித்துப் பார்த்தான். உங்கள் லிங்கில் இருந்ததே பழைய ஃபைல்தான். 2004இல் டபிள்யூ.எஸ்-ஐ அமைப்பின் பேசிக் ப்ரொஃபைல் 1.0 என்ற விதித்தொகுப்பு இந்த அரேடைப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சேர்வரை மாற்றியவர்கள் ஃபைலையும் மாற்றியிருக்க வேண்டும்.

"இந்தக் காலத்தில் யார் சோப் பாவிக்கிறார்கள், ஜேசனுக்கு வாருங்கள்" என்று சிலர் எழுதுவீர்கள் (ஜேசன் என்பது தகவலை எழுதும் இன்னொரு முறை). சிஸ்டம் எங்களுடையது இல்லை, அவ்வளவுதான். நேரமில்லை என்பவர்களுக்கு: மெசேஜைத் திறக்க இரண்டு நிமிடம் போதும். அவனைக் குறைசொல்லி நீங்கள் எழுதிய ஈமெயில்கள் மூன்று நாள் ஓடின.

"அவனே கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். வேலைக்கு வந்து இரண்டு வருடமாகாத பிள்ளை. எதிரே மளமளவென்று ஆங்கிலம் பேசுகிற பதினொரு பேர். அவன் இரண்டு முறை வாய் திறந்தான், இரண்டு முறையும் குறுக்கே பேசினீர்கள். பிறகு எப்படிச் சொல்வான்?

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம். பல வருடங்களுக்கு முன் பில் விபரம் எடுக்கும் ஒரு வேலை. இரண்டு பில் வந்தால் என் புரோகிராம் ஓடும், ஒன்று வந்தால் உடையும். மறுபக்கத்தில் இருந்த பையனைப் போனில் கண்டபடி ஏசினேன். கடைசியில் பார்த்தால் அவன் அனுப்பியது சரி. பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தால் பி.எச்.பி. அதை அரேயாகத் தராமல் தனி ஒப்ஜெக்டாகத் தந்துவிடும். சிங்கிள் எலிமென்ட் அரேஸ் என்ற செட்டிங்கை நான்தான் போடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்றான். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒருநாளும் போன் எடுக்கவில்லை.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களிலும் இந்தத் தம்பி படிப்பை விடவில்லை. ஜெனரேட்டர் இருக்கிற கடையில் லெப்டொப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து இரவில் கோட் எழுதிப் பழகினவன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்து, கொழும்புக்குப் போகாமல் இங்கேயே இருந்து வேலை செய்யலாம் என்று நம்பினவன். ஊரைச் சொல்லித் திட்டினால் அவன் எந்தக் கோட்டைத் திருத்துவது? நிலாவெளியில் சுற்றுலா சீசன் நேரம், அறைப் பதிவு விழாமல் போனதற்கு ஹோட்டல்காரரிடம் ஏச்சு வாங்கியதும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை நீங்கள் புதிய டபிள்யூ.எஸ்.டி.எல். போட்டீர்கள். அவன் கோடில் ஒரு வரியும் மாற்றவில்லை, கேஷை மட்டும் அழித்தான், மூன்று அறையும் பதிவில் விழுந்தது. "பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு வரியில் ஈமெயில் வந்தது. யாருடைய பிரச்சினை என்று அதில் இல்லை.

அதை எழுதுங்கள். வியாழக்கிழமை கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கொப்பி போட்டு, அவன் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.